பொருளாதார வளர்ச்சியும் நிலக்கரியும்: சாய்ந்தமருதிலிருந்து ஒரு நோக்கு

ஒரு நாடு வளர்ச்சியடைய வேண்டுமாயின் அது நிலக்கரியை எரித்தேயாக வேண்டும் என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பிரித்தானியாவும் செருமனியும் ஐக்கிய அமெரிக்காவும் நிலக்கரியின் துணைகொண்டே கைத்தொழில் நாடுகளாயின. அண்மைக் காலத்திற் சீனாவும் அவ்வழியே சென்றது. ஆகவே, வறிய நாடுகளும் அப்படியே ஏறிச் செல்லவேண்டும் என்பர் ஒரு சாரார். நிலக்கரியின் காலம் முடிந்துவிட்டது, அதனைத் தொடுவதே தவறு என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களும் வளர்ச்சிக்கும் நிலக்கரிக்கும் இடையேயுள்ள தொடர்பு எத்தகையது என்பதை ஆராயாது எழுந்தவை. அத்தொடர்பின் இயல்பை விளக்குவதும், அது இலங்கைக்கு எவ்வாறு பொருந்துகின்றது என்பதை நாட்டின் கீழ்க்கரையிலுள்ள ஓர் ஊரில் நின்று நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கல்முனைக்குத் தெற்கே, காரைதீவுக்கு வடக்கே, கடலுக்கும் கரைவாகு வட்டைக்கும் இடையே அமைந்துள்ள ஊர் சாய்ந்தமருது. மீன்பிடி, நெற்செய்கை, வணிகம் ஆகியன இவ்வூரவரின் முதன்மையான தொழில்கள். இங்கு நிலக்கரிச் சுரங்கமுமில்லை, அனல் மின்னிலையமுமில்லை. நிலக்கரி எரித்து ஓடிய புகைவண்டிகூட இவ்வூரை எட்டவில்லை. 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்பை வந்தடைந்த இருப்புப்பாதை அதற்குத் தெற்கே நீட்டப்படவில்லை. வீட்டு அடுப்புக்கு விறகும் பொச்சுமட்டையும், நெல்லவிக்க உமியும் என்பதே இப்பகுதியின் பழைய எரிபொருட் கணக்கு.

எனினும் இன்று சாய்ந்தமருதின் ஒவ்வொரு வீடும் நிலக்கரியைப் பயன்படுத்துகின்றது. இலங்கையின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, மழையின் அளவைப் பொறுத்துச் சற்றுக் கூடியும் குறைந்தும், புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையிலுள்ள அனல் மின்னிலையத்திலிருந்தே வருகின்றது. மாதம் 90 அலகு மின்சாரம் செலவிடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 30 அலகு நிலக்கரியாற் பிறந்தது. ஓர் அலகு மின்சாரம் பெற ஏறத்தாழ 400 கிராம் நிலக்கரி வேண்டும். எனவே அக்குடும்பம் தன் கண்ணாற் காணாமலே மாதந்தோறும் 12 கிலோகிராம் நிலக்கரியை எரிக்கின்றது. வளிமண்டலத்திற் சேரும் காபனீரொட்சைட்டு 30 கிலோகிராம் அளவினதாகும். கண்ணுக்குத் தெரியாத இந்த மூட்டை எவ்வாறு நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது?

1. தொடர்பின் இயல்பு

எவரும் நிலக்கரியை நிலக்கரிக்காக விரும்புவதில்லை. மீனவருக்கு வேண்டியது மீனைக் கெடாது காக்கும் பனிக்கட்டி. ஆலைக்காரருக்கு வேண்டியது உமி நீங்கிய அரிசி. மாணவருக்கு வேண்டியது இரவில் விளக்கு. இத்தேவைகள் சத்தியால் நிறைவேறுவன. அச்சத்தியைத் தரும் வழிகள் பலவற்றுள் நிலக்கரியும் ஒன்று. வளர்ச்சிக்கும் சத்திக்கும் உள்ள உறவு நெருக்கமானது. சத்திக்கும் நிலக்கரிக்கும் உள்ள உறவோ சூழ்நிலையைப் பொறுத்தது. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குவதே விவாதங்கள் பலவற்றின் குறைபாடாகும்.

யப்பானிய அறிஞர் யொயிச்சி காயா வகுத்த ஒரு சமன்பாடு இதனைத் தெளிவாக்கும். அதனை நிலக்கரிக்குப் பொருத்திக் கூறுவதாயின், ஒரு நாடு எரிக்கும் நிலக்கரியின் அளவு நான்கு காரணிகளின் பெருக்குத்தொகையாகும்: குடித்தொகை, தலா வருமானம், ஒரு ரூபா வருமானத்தை உண்டாக்கச் செலவாகும் சத்தி, அச்சத்தியில் நிலக்கரியின் பங்கு. முதலிரண்டும் வளர்ச்சியைச் சார்ந்தவை. பின்னிரண்டும் தொழினுட்பத்தையும் கொள்கையையும் சார்ந்தவை. குடித்தொகை ஆண்டுக்கு 1 வீதமும் தலா வருமானம் 4 வீதமும் கூடுகின்றன எனக் கொள்வோம். வினைத்திறன் உயர்வதால் ஒரு ரூபாவுக்கான சத்தி 2 வீதத்தாற் குறையுமாயின், நிலக்கரிப் பயன்பாடு ஏறத்தாழ 3 வீதத்தாற் கூடும். அதே வேளையில் நிலக்கரியின் பங்கும் 5 வீதத்தாற் குறைக்கப்படின், வளர்ச்சி குன்றாமலே நிலக்கரிப் பயன்பாடு 2 வீதத்தால் வீழும். வளர்ச்சியும் நிலக்கரியும் இணைந்தே செல்லவேண்டும் என்னும் நியதி இக்கணக்கில் எங்குமில்லை.

வினைத்திறன் மட்டுமே போதுமோ எனில், போதாது. ஆங்கிலப் பொருளியலாளர் வில்லியம் ஸ்ரான்லி ஜெவன்சு 1865ஆம் ஆண்டில் வெளியிட்ட நிலக்கரி பற்றிய நூலில் ஒரு முரணைச் சுட்டினார். நீராவி இயந்திரங்கள் குறைந்த நிலக்கரியில் மிகுந்த வேலை செய்யத் தொடங்கியபோது நிலக்கரிச் செலவு குறையவில்லை. இயந்திரம் மலிவானதால் அது புதிய தொழில்களிற் புகுந்தது. மொத்தச் செலவு பெருகிற்று. சிக்கனமான குளிர்சாதனப் பெட்டி வந்ததும் இரண்டாவது பெட்டி வாங்கும் வீட்டிலும் இதே நியாயமே செயற்படுகின்றது.

காரணம் எது, விளைவு எது என்பது மற்றொரு வினா. சத்தி நுகர்வு கூடுவதால் வருமானம் கூடுகின்றதா, வருமானம் கூடுவதாற் சத்தி நுகர்வு கூடுகின்றதா? 1978ஆம் ஆண்டில் ஜோன் கிராப்ட், ஆதர் கிராப்ட் என்னும் இருவர் ஐக்கிய அமெரிக்காவின் 1947 முதல் 1974 வரையான தரவுகளை ஆராய்ந்து, வருமானமே சத்தி நுகர்வை இழுத்துச் செல்கின்றது என்னும் முடிவுக்கு வந்தனர். பின்வந்த ஆய்வுகள் நாட்டுக்கு நாடு வேறுபட்ட முடிவுகளைத் தந்தன. எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே விடையில்லை என்பதே அவற்றிலிருந்து நாம் பெறும் பாடம். ஆகையால் ஒவ்வொரு நாட்டின் வரலாற்றையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

2. பிற நாடுகளின் அனுபவம்

பிரித்தானியாவின் வரலாறு முழுவட்டமாக நம்முன் உள்ளது. 1882ஆம் ஆண்டில் இலண்டன் நகரின் ஓல்போண் பாலத்தருகே எடிசனின் நிறுவனம் நிலக்கரியால் இயங்கும் பொது மின்னிலையத்தைத் தொடக்கிவைத்தது. 1913ஆம் ஆண்டில் அந்நாடு 29 கோடித் தொன் அளவிலான நிலக்கரியை அகழ்ந்தது. 2012ஆம் ஆண்டிற்கூட அதன் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியினின்றே வந்தது. ஆயின் 2024ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் நாள் அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்னிலையமும் மூடப்பட்டது. 142 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிந்தது. பொருளாதாரம் அதனால் நின்றுவிடவில்லை.

எனினும் இவ்வரலாற்றை அப்படியே முன்மாதிரியாகக் கொள்வதிற் கவனம் வேண்டும். நிலக்கரியின் இடத்தை நிரப்ப அந்நாட்டுக்கு வடகடலின் இயற்கை வாயு இருந்தது. இரும்பும் துணியும் இயந்திரமும் பிறநாடுகளிலிருந்து இறக்குமதியாகத் தொடங்கியமையால், அவற்றிற்கான நிலக்கரி வேறோரிடத்தில் எரிந்தது. 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் காட்டியதுபோல, நிலக்கரியை நம்பி வாழ்ந்த ஊர்கள் பெருந்துன்பத்துக்கும் உள்ளாயின. விலகுதல் இயலும்; அதற்குச் செலவுண்டு; அச்செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி.

அந்த வேறோரிடம் பெரும்பாலும் சீனாவாயிற்று. 2000ஆம் ஆண்டுக்கும் 2013ஆம் ஆண்டுக்கும் இடையில் சீனாவின் நிலக்கரிப் பயன்பாடு ஏறத்தாழ மும்மடங்காகியது. இன்று உலகம் எரிக்கும் நிலக்கரியிற் பாதிக்கு மேல் அந்நாட்டினது. எனினும் 2013ஆம் ஆண்டை அடுத்த மூன்றாண்டுகளில் அதன் பொருளாதாரம் ஆண்டுக்கு 6 வீதத்துக்கு மேல் வளர, நிலக்கரிப் பயன்பாடு சற்றுக் குறைந்தது. பின்னர் மீண்டும் உயர்ந்தது. தொடர்பு தளரவும் இறுகவும் வல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இந்தியாவின் நிலை வேறு. 1774ஆம் ஆண்டில் இராணிகஞ்சில் தொடங்கிய அகழ்வு, 2024–25 நிதியாண்டில் 100 கோடித் தொன்னைக் கடந்தது. அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியினது. தமிழ்நாட்டின் நெய்வேலியில் 1956ஆம் ஆண்டில் அரசு நிறுவனம் தாபிக்கப்பட்டு அகழப்பட்டு வரும் பழுப்பு நிலக்கரியும் அத்தகைய உள்நாட்டு வளமே. சொந்த நிலத்தில் எரிபொருள் இருப்பதால் அந்நாட்டின் நிலக்கரிச் செலவிற் பெரும்பகுதி உள்நாட்டு நாணயத்திலேயே அமைகின்றது. இவ்வேறுபாடு இலங்கையை நோக்குகையில் இன்றியமையாததாகின்றது.

3. இலங்கை: நிலக்கரி பிந்தி வந்த நாடு

ஈழத்தில் அகழ்ந்தெடுக்கத்தக்க நிலக்கரி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கொழும்புத் துறைமுகம் நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி வழங்கும் தங்குமிடமாக விளங்கியதும், புகைவண்டிகள் நிலக்கரியில் ஓடியதும் உண்மையே. ஆயின் அது வெளிநாட்டு நிலக்கரி. 1950களில் டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கியதும் அதன் தேவை படிப்படியாக மறைந்தது.

நாட்டின் மின்வலு நீரிலேயே கட்டியெழுப்பப்பட்டது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே மலைநாட்டு அருவிகளினின்று மின்சாரம் பெறலாமென எடுத்துக் காட்டினார். 1950ஆம் ஆண்டில் இலக்சபானத் திட்டத்தின் முதற்கட்டம் நிறைவேறிற்று. 1980களில் மகாவலித் திட்டத்தின் விக்டோறியா, கொத்மலை அணைகள் எழுந்தன. நம் அம்பாறை மாவட்டத்திலும் கல்லோயா நீர்த்தேக்கத்தின் அடியில் 11 மெகாவாற்று வலுவுள்ள இங்கினியாகலை மின்னிலையம் உண்டு. வட்டைகளுக்குப் பாயும் நீரே விளக்கையும் ஏற்றும் என்பதற்கு அது நல்ல உதாரணம். 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் முப்பதாண்டுகளுக்கு மேலாக இந்நாடு நிலக்கரி மின்சாரமின்றியே வளர்ந்தது. வளர்ச்சிக்கு நிலக்கரி முன்நிபந்தனை என்னும் கூற்று இங்கேயே தகர்ந்துவிடுகின்றது.

ஆயின் நீருக்கு ஓர் எல்லையுண்டு. அணைகட்டத்தக்க பெரிய ஆறுகள் யாவும் பயன்பட்டுவிட்டன. தேவையோ ஆண்டுதோறும் கூடியது. 1996ஆம் ஆண்டின் வரட்சி நாட்டை நெடுநேர மின்வெட்டில் ஆழ்த்தியது. முன்னைய ஆண்டில் 5.5 வீதமாயிருந்த வளர்ச்சி 3.8 வீதத்துக்கு இறங்கியது. இதன் பின்னர் அவசர அவசரமாக எண்ணெய் மின்னிலையங்கள் அமைக்கப்பட்டன. 2000களின் பிற்பகுதியில் நாட்டின் மின்சாரத்திற் பாதிக்கு மேல் எண்ணெயினின்றே வந்தது. எண்ணெய் விலையேற்றம் மின்சார சபையைக் கடனிற் தள்ளியது. இந்நிலையிலேயே நிலக்கரி நுழைந்தது. எண்ணெயினும் மலிவு என்பதே அதன் பெருந்தகுதி.

நுரைச்சோலைத் திட்டம் எதிர்ப்பின்றி வரவில்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் மீனவரும், தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் பொருட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையும் அதனை நெடுங்காலம் எதிர்த்தனர். 2006ஆம் ஆண்டிற் கட்டுமானம் தொடங்கியது. சீனக் கடனுதவியுடன் 2011ஆம் ஆண்டில் முதலாவது 300 மெகாவாற்று அலகும், 2014ஆம் ஆண்டில் மற்றிரு அலகுகளும் திறந்துவைக்கப்பட்டன. மொத்தம் 900 மெகாவாற்று. ஆண்டுத் தேவை 22 இலட்சம் தொன் அளவு.

இங்கு காலவரிசையை உற்று நோக்குதல் வேண்டும். போர் முடிந்தபின் 2010ஆம் ஆண்டில் நாடு 8 வீத வளர்ச்சியைக் கண்டபோது நிலக்கரி மின்னிலையம் இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. மூன்று அலகுகளும் இயங்கிய 2019ஆம் ஆண்டில், உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களையடுத்து, வளர்ச்சி ஏறத்தாழ நின்றே போயிற்று. நிலக்கரி வளர்ச்சியைக் கொண்டுவரவில்லை. வளர்ச்சி உண்டாக்கிய தேவையை நிறைவேற்ற நிலக்கரி வந்தது. வந்தபின், வளர்ச்சி நின்றபோதும் அது நீங்கவில்லை. முப்பதாண்டு ஆயுளுக்கெனக் கட்டப்படும் மின்னிலையம் ஓராண்டின் வளர்ச்சி வீதத்தைக் கேட்டு இயங்குவதில்லை.

4. காற்றும் கப்பலும் டொலரும்

நுரைச்சோலையில் நிலக்கரி இறக்கும் முறை நம் கடற்றொழிலாளர்க்கு எளிதில் விளங்கும். பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாமையால் தூரக் கடலில் நங்கூரமிடுகின்றன. நிலக்கரி தட்டைப் படகுகளுக்கு மாற்றப்பட்டு இறங்குதுறைக்குக் கொண்டுவரப்படுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று, அதாவது நாம் கச்சான் என்று வழங்கும் காற்று, வீசும் மாதங்களில் மேல்கடல் கொந்தளிப்பதால் இவ்வேலை நடவாது. செப்ரெம்பர் அல்லது ஒக்ரோபர் முதல் ஏப்பிரல் வரையான பருவத்திலேயே ஓராண்டுக்கு வேண்டிய நிலக்கரியையெல்லாம் வாங்கி இறக்கிக் குவித்துவிட வேண்டும். அதாவது, அப்பருவத்துக்குள்ளேயே முழு ஆண்டின் விலையையும் டொலரிற் கொடுக்கவேண்டும்.

அவ்விலையோ நிலையற்றது. ஆசியச் சந்தைக்கு அளவுகோலாகவுள்ள அவுத்திரேலிய நியூகாசில் நிலக்கரி 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொன்னுக்கு 50 முதல் 60 டொலர் வரை விற்றது. 2022ஆம் ஆண்டில் 400 டொலரைத் தாண்டியது. 22 இலட்சம் தொன்னுக்கு இதனைப் பெருக்கிப் பார்த்தால், 60 டொலர் விலையில் 13 கோடி டொலராகும் ஆண்டுச் செலவு, 400 டொலர் விலையில் 88 கோடி டொலராகும். எரிக்கும் அளவு கூடவில்லை. ஓர் அலகு மின்சாரங்கூட மிகுதியாகப் பிறக்கவில்லை. சென்மதி நிலுவையில் விழும் சுமை மட்டும் ஆறு மடங்குக்கு மேலாகின்றது.

2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது இத்தொடர்பின் மறுபக்கம் வெளிப்பட்டது. எண்ணெயும் நிலக்கரியும் வாங்க டொலர் இல்லை. ரமழான் நோன்பு தொடங்கவிருந்த மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. ஏப்பிரல் 12ஆம் நாள் நாடு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேற் சுருங்கியது. வளர்ச்சி குன்றியதால் எரிபொருட் பயன்பாடு குறைந்தது என்று புள்ளிவிபர அட்டவணை காட்டலாம். நிகழ்ந்ததோ இருவழிப்பட்டது: டொலர் இல்லாமையால் எரிபொருள் இல்லை, எரிபொருள் இல்லாமையால் உற்பத்தி இல்லை. பனிக்கட்டியின்றி மீனின் விலை கரையிலேயே வீழும். மின்சாரமின்றி நெல் மூட்டையிலேயே கிடக்கும். இறக்குமதி எரிபொருளில் தங்கிய நாட்டில் வளர்ச்சிக்கும் நிலக்கரிக்கும் இடையே அந்நியச் செலாவணி என்னும் மூன்றாவது ஆள் நிற்கின்றான்.

5. கீழ்க்கரையின் தெரிவு

நுரைச்சோலைக்குப் பின் அடுத்த நிலக்கரி மின்னிலையம் நம் கீழ்க்கரையிலேயே அமையவிருந்தது. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், இந்தியாவின் தேசிய அனல் மின்கழகமும் இலங்கை மின்சார சபையும் இணைந்து 500 மெகாவாற்று நிலையத்தை நிறுவ 2013ஆம் ஆண்டில் உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. 2006ஆம் ஆண்டின் போரில் இடம்பெயர்ந்த மக்கள் தம் நிலங்களுக்கு மீளும் உரிமைக்காகப் போராடிய இடம் அது. 2016ஆம் ஆண்டில் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டத்துக்கு 2025ஆம் ஆண்டு ஏப்பிரலில் தொடக்கவிழா நடைபெற்றது. 2021ஆம் ஆண்டிற் புதிய நிலக்கரி மின்னிலையம் எதனையும் அமைப்பதில்லை என்னும் பன்னாட்டு உடன்பாட்டிலும் இலங்கை இணைந்தது.

இதனாற் சிக்கல் தீர்ந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையம் அதே வலுவுள்ள நிலக்கரி நிலையத்துக்கு ஈடாகாது. இரவும் முகிலும் கழிய, அது தரும் மின்சாரம் முழுவலுவில் ஐந்திலொரு பங்கு அளவே. நாட்டின் உச்சத் தேவை மாலை 6.30 மணி முதல் 10.30 மணி வரை; அப்போது கதிரவன் இல்லை. கூரைகளில் அமைந்த சூரியத் தகடுகளின் மொத்த வலு 1,000 மெகாவாற்றைக் கடந்துவிட்டபோதும், பகலில் மிகும் மின்சாரத்தைச் சேமிக்கும் வசதி அதற்கேற்ப வளரவில்லை. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், தேவை குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், பாணந்துறை உபமின்னிலையத்தில் ஏற்பட்ட இடையூறு நாடு முழுவதையும் இருளாக்கியது. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் ஒருங்கே நின்றன. அவை மீள இயங்கச் சில நாட்கள் சென்றன. சூரிய சத்திக்கு ஏற்ற வலைப்பின்னல் இல்லாமை ஒரு குறை. சிறிய நாடொன்று தன் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கை ஒரே இடத்தில் வைத்திருப்பது மற்றொரு குறை. மின்கல சேமிப்பும், நீரைப் பகலில் மேலேற்றி இரவில் இறக்கும் திட்டங்களும், மன்னாரிலும் பிறவிடங்களிலும் வீசும் காற்றும் ஒருங்கே பயன்பட்டாலன்றி நிலக்கரி தன் இடத்தை விடாது.

செலவை யார் சுமப்பது என்பதும் எண்ணத்தக்கது. நுரைச்சோலையைச் சூழ்ந்த கிராமத்தவர் நிலக்கரித் தூசும் சாம்பலும் காற்றிற் பரவுவதாகப் பலகாலும் முறையிட்டுள்ளனர். அந்த மின்சாரத்தை நுகர்வோர் நாம். தூசைச் சுவாசிப்போர் அவர்கள். அங்கு எழும் காபனீரொட்சைட்டு உலகக் கணக்கிற் சிறு துளியே. உலகம் ஆண்டொன்றில் எரிக்கும் நிலக்கரி 880 கோடித் தொன் அளவினது. எனினும் அத்துளிகளின் கூட்டுத்தொகையால் உயரும் கடல்மட்டம் முதலில் தொடுவது சாய்ந்தமருது போன்ற தாழ்ந்த மணற்கரைகளையே. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் உறவுகளையும் வீடுகளையும் இழந்த இவ்வூருக்குக் கடல் எவ்வளவு அண்மையிலுள்ளது என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது சில முடிவுகள் பெறப்படுகின்றன. வளர்ச்சி சத்தியை வேண்டுவது உறுதி; அச்சத்தி நிலக்கரியாகவே இருக்க வேண்டுமென்பது உறுதியன்று. சொந்த நிலக்கரியுள்ள நாடு அதனை எரித்து வளர்ந்த வரலாறு, கடன்பட்டு நிலக்கரி வாங்கும் நாட்டுக்கு வழிகாட்டியாகாது. நிலக்கரி இன்று நம் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கைத் தாங்கி நிற்பதால் அதனை ஒரேநாளில் அகற்றவும் இயலாது. அகற்றப்படின் அவ்விடத்தைப் பிடிப்பது பெரும்பாலும் அதனினும் விலைகூடிய எண்ணெயாகவே இருக்கும். ஆகவே இனிக் கூடும் ஒவ்வோர் அலகுத் தேவையும் உள்நாட்டு நீர், காற்று, வெயில் ஆகியவற்றால் நிறைவேறும் வண்ணம் திட்டமிடுவதே முதற்படி. நுரைச்சோலையின் ஆயுள் முடியுமுன் அதன் பங்கை ஏற்கத்தக்க சேமிப்பு வசதியைக் கட்டுவது அடுத்த படி. வளர்ச்சி வேண்டுமா, நிலக்கரி வேண்டாமா என்று நம்மிடம் கேட்கப்படும் வினா பிழையானது. நம் மின்சாரத்தின் விலையை எந்த நாணயத்திற் செலுத்துகின்றோம், அதன் தூசை யார் வீட்டிற் படியவிடுகின்றோம் என்பனவே நாம் கேட்க வேண்டிய வினாக்களாகும்.